ஈரமானி பிழையாகக் காட்டினால் செய்ய வேண்டியவை

ஊவா மாகாணத்துக் கமக்காரர் சிலர் இந்நாளில் வீட்டு முற்றத்திற் சிறு வானிலைக் கருவியை வைத்துச் சாரீரப்பதனை அறிந்து வருகின்றனர். இது நற்பழக்கமே. ஆயினும் பிழையாகக் காட்டும் கருவியை நம்புதல், கருவியே இல்லாதிருப்பதினும் கேடு தரும்.

உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் பிந்திய வெளிறல் நோயை முன்னறிய, சிமித் என்பார் 1956இல் பிரித்தானியாவில் ஒரு விதி வகுத்தார். அடுத்தடுத்து இரு நாட்கள் வெப்பநிலை 10 பாகைக்குக் குறையாமலும், நாள்தோறும் 11 மணி நேரமேனும் ஈரப்பதன் 90 வீதத்திற்குக் குறையாமலும் இருப்பின் ஆபத்து உண்டு என்பதே அது. 2017இல் அங்கு இந்நேரம் 6 மணியாகக் குறைக்கப்பட்டது. உண்மையில் 92 வீதமாயிருக்கக் கருவி 84 எனக் காட்டினால், மருந்து தெளிக்கும் வேளை தவறிவிடும். மாறிக் காட்டினால் மருந்துச் செலவு வீணாகும். நெல்லின் எரிபந்த நோயும் ஈரம் மிக்க காலத்திலேயே பெருகும்.

பிழைக்குரிய காரணங்கள்

1. வைக்கும் இடம்: 20 பாகையில் 90 வீத ஈரப்பதனுள்ள காற்று, 3 பாகை சூடேறினால் 75 வீதமே காட்டும். எனவே தகரக் கூரையின் கீழும், வெயில் படும் சுவரிலும், அடுப்படி அருகிலும் கருவியை வைத்தலாகாது. புற்றரையில், நிலத்திலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டியுள் வைத்தல் வேண்டும். வெண்ணிறத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கியும் இத்தகைய மறைப்பு அமைக்கலாம்.

2. பனிநீர்: மார்கழி, தை மாத மூடுபனியில் உணரி நனைந்தால், பனி விலகிய பின்னும் 99 வீதத்திலேயே நிற்கும். கச்சான் காற்று வீசும் நண்பகலிலும் அவ்வாறே நின்றால் பழுது எனக் கொள்க. முதலில் அதனை நிழலில் உலர்த்துக.

3. அழுக்கு: தூசி, விறகுப் புகை, தெளிமருந்தின் ஆவி ஆகியன உணரியைக் கெடுக்கும். தெளிக்கும்போது கருவியை அகற்றிவிடுக. உணரியை விரலால் தொடாதீர்.

4. ஈரத்துணி: ஈர உலர் குமிழ் வெப்பமானியில் துணி அழுக்கேறினாலோ உலர்ந்தாலோ, ஈரப்பதன் கூடுதலாகத் தோன்றும். துணியை அடிக்கடி மாற்றி, தூய மழைநீர் ஊற்றுக. உலர் குமிழ் 20 பாகையும் ஈரக்குமிழ் 18 பாகையும் காட்டினால் ஈரப்பதன் ஏறத்தாழ 83 வீதம்.

உப்புச் சோதனை

ஒரு போத்தல் மூடியில் கறியுப்பு இட்டுச் சில துளி நீர் விட்டு, ஈரமணல் போற் குழைக்கவும். உப்பு முற்றும் கரையலாகாது. அதனைக் கருவியுடன் அகன்ற கண்ணாடிச் சாடியுள் வைத்து இறுக மூடுக. உப்பு கருவியிற் படலாகாது. வெயில் படாத அறையில் 12 மணி நேரம் விட்டபின், கருவி 75 வீதம் காட்டுதல் வேண்டும். 71 காட்டினால் 4 கூட்டியும், 78 காட்டினால் 3 கழித்தும் கொள்க.

இத்திருத்தம் 75 வீதத்தை அண்டிய அளவுகளுக்கே உறுதியானது. ஆதலால் அடர்ந்த மூடுபனி உள்ள விடியற்காலையிலும் நோக்குக. அப்போது உண்மை அளவு 100 வீதத்தை அண்டியிருக்கும். இரு சோதனைகளிலும் பிழை வெவ்வேறாயின், அல்லது வேறுபாடு பெரிதாயின், உணரியை மாற்றுதலே சிறந்தது.

ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் இச்சோதனையைச் செய்து, திருத்தத்தைக் குறிப்பேட்டில் எழுதுக. ஐயம் உளதாயின், அக்குறிப்பேட்டுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. கருவி எதைக் காட்டினும், காலையில் ஒருமுறை இலையின் அடிப்புறத்தைப் பார்க்க மறவாதீர்.