தம்பியைக் கூட்டி வருமுன்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

திருவண்ணாமலையிலிருந்து பெரியம்மா எழுதுவது.

உங்கள் சபையார் ஜூலை மாதம் இந்தியாவுக்கு மிஷன் டிரிப் வருகிறார்கள், நீயும் உன் மகன் தம்பியும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள், பத்து நாளும் நம் ஊரில்தான் ஊழியம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் குளிர்ந்தது. பதினாறு வயதுப் பிள்ளை தன் விடுமுறையை விட்டுக்கொடுத்து அம்மா பிறந்த ஊருக்கு வந்து நாலு பேருக்கு உதவ நினைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமில்லை. வர வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வா, அவனையும் கூட்டி வா. ஆனால் நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலை வைத்துக்கொண்டு வராதே. பெரியம்மா சொல்கிறேன் என்று பொறுமையாகக் கேள்.

முதலில் மாதம். ஜூலையில் மூன்று நாள் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவதாகப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அது கோடை விடுமுறை. இங்கே ஜூன் மாதமே பள்ளிக்கூடம் திறந்து பாடம் சூடு பிடித்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். ஏப்ரல், மே மாதங்களில்தான். நீங்கள் வந்து இறங்கும்போது யாரை வைத்து நடத்துவீர்கள்? பிள்ளைகளைப் பள்ளிக்கு மட்டம் போடச் சொல்லித்தான் கூட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மனம் நோகக் கூடாதென்று நம் சபைகள் அதற்கும் இணங்கிப் போய்விடும். திட்டம் போடுமுன் இங்கே இருக்கிற ஒருவரையாவது கேட்டார்களா என்று உங்கள் ஆயரிடம் விசாரி.

அடுத்தது விசா. இதில் மறைப்பு எதுவும் கூடாது. சுற்றுலா விசாவில் வருகிறவர் ஒரு மாதத்துக்கு மிகாமல், பணமோ பிரதிபலனோ வாங்காமல், தன்னார்வ வேலை செய்ய இடமுண்டு. மத போதனை செய்வதற்கும், கைப்பிரதி கொடுப்பதற்கும் இடமில்லை. மிஷனெரி விசா என்பது வேறு வகை. உன்னிடமும் தம்பியிடமும் வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே, நமக்கென்ன என்று நினைக்காதே. 2021 மார்ச் 4 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களும் மிஷனெரிப் பணி செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். படிவத்தில் ஒன்று எழுதிவிட்டு இறங்கியபின் வேறொன்றைச் செய்வதைத் தம்பி பக்கத்தில் நின்று பார்ப்பான். கர்த்தருடைய வேலைக்காகப் பொய் சொல்லலாம் என்று அந்த வயதில் அவன் கற்றுக்கொண்டால், பிறகு நீ எத்தனை ஞாயிறு சபைக்குக் கூட்டிப் போனாலும் அது மாறாது.

பணமும் அப்படித்தான். காணிக்கை கொண்டுவந்து யார் கையிலாவது திணிக்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். அன்பு மிகுதியில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போகிற கவருக்கு, இங்கே ஓர் ஏழை உபதேசியார் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

நிரலில் ஐந்தாம் நாள், 'கிரிவலப் பாதையில் சுவிசேஷக் கைப்பிரதி' என்று இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை மகளே. சட்டத்தை விடு. பௌர்ணமி இரவில் அந்தப் பதினாலு கிலோமீட்டரை நடக்கிறவர்கள் யார்? வெறுங்காலோடு வருகிறார்கள். இடுப்பில் குழந்தையைச் சுமந்துகொண்டு, மகளுக்கு வரன் அமைய வேண்டும், புருஷன் குடியை விட வேண்டும் என்று ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்று வேண்டிக்கொண்டு போகிறார்கள். அப்படிப் போகிறவள் கையில், தன் மொழி பேசத் தெரியாத ஒரு பையன் ஒரு தாளை நீட்டினால் அவளுக்கு என்ன தோன்றும்? ஈஸ்டர் ஆராதனை முடிந்து நாம் வெளியே வரும்போது நம் கையில் ஒருவர் அப்படித் திணித்தால் நமக்கு எப்படி இருக்கும்? இந்த ஊரில் நம் சபைகள் பல தலைமுறையாக நிற்பது அக்கம்பக்கத்தாரின் அன்பினால்தான். கார்த்திகை தீபத்துக்கு எதிர் வீட்டிலிருந்து பொரி உருண்டை வருகிறது. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு முறுக்கும் அதிரசமும் அந்த வீட்டுக்குப் போகிறது. உன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ராத்திரி ஆட்டோ பிடித்து வந்தது விபூதி பூசிய கைதான். நீங்கள் பத்தாம் நாள் விமானம் ஏறிவிடுவீர்கள். மறுநாள் அந்தத் தெருவில் முகம் காட்ட வேண்டியவர்கள் நாங்கள்.

என் விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று நினைக்காதே. இயேசுவை அறிவிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வாழ்ந்து காட்டாமல் தாளைக் கொடுத்துவிட்டுப் போவது அறிவிப்பதாகாது என்பதுதான் என் வாதம்.

பிள்ளைகள் இல்லத்துக்கு மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்தவள், அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். குழு வந்த அன்று பெண் பிள்ளைகள் ஆளுக்கொரு அக்காவின் விரலைப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு, பலூன், மிட்டாய், ஃபோட்டோ. கடைசி நாள் வேன் கிளம்பும்போது ஏழு வயதுக் குழந்தை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ராத்திரி வார்டனிடம் 'அந்த அக்கா எப்ப வருவாங்க' என்று கேட்கும். அடுத்த வருஷம் வேறு அக்கா வருவாள். இப்படி வந்து வந்து போகிற அன்பு, ஏற்கெனவே வீட்டைப் பிரிந்த பிள்ளையை இன்னும் உடைக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் பிரித்து வைத்திருக்கிறது. வெளிநாட்டார் வந்து பார்க்கவும் பணம் கொடுக்கவும் பிள்ளைகள் வேண்டும் என்று ஆகிவிட்டால், அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? இல்லத்துக்குச் செலவழிக்கிற பணத்தை ஒரு தாயின் வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் கொடுக்கிற அமைப்புகளைத் தேடு. அது ஃபோட்டோவில் நன்றாக இராது. பிள்ளை அம்மாவோடு தூங்கும்.

ஃபோட்டோ என்றதும் இன்னொன்று. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், அடையாளம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தம்பி இன்ஸ்டாகிராமில் போடுகிற ஒரு படமும் அதில் அடங்கும். இங்கே எந்தக் குழந்தையையும் படம் எடுக்க வேண்டாம் என்று இப்போதே பேசி வை. இல்லத்துக்குப் போனால் அவன் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கும் அவனுக்கும் அதுதான் பாதுகாப்பு.

சுவர் கட்டுவது, வர்ணம் பூசுவது வேண்டாம். செங்கம் பக்கத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து கொத்தனாரும் சித்தாளும் வேலைக்குக் காத்து நிற்கிற ஊர் இது.

மருத்துவ முகாமில் தம்பி ரத்த அழுத்தம் பார்ப்பான், மாத்திரை கொடுப்பான் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் ஊரில் ஒரு பதினாறு வயதுப் பையனை உன் தகப்பனாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க விடுவாயா? இங்கே மட்டும் ஏன் விட வேண்டும்? டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைத்துக்கொள். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் அதை இப்போது அவனுக்குச் சொல். ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தது உடல்நலம் குன்றிய தாயைக் கவனிக்கத்தான். மிஷனெரியாகும் எண்ணமே இல்லை. ஒரே இரவில் மூன்று வீட்டார், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் தகப்பனார் மருத்துவர். ஆனால் அந்நிய ஆண் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். மறுநாளே ஐடா மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். 1899-இல் கார்னெலில் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூர் வந்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். தான் ஒருத்தி பார்த்தால் போதாது, இந்த நாட்டுப் பெண்களே பார்க்க வேண்டும் என்று கண்டுகொண்டதுதான் அவருடைய பெருமை. 1960-இல் கொடைக்கானலில் கண் மூடும்வரை இந்த நாட்டையே தன் வீடாக்கிக்கொண்டார். மனம் உருகிய இரவுக்கும் கை வைத்த நாளுக்கும் நடுவே அத்தனை வருஷப் படிப்பு இருந்ததைத் தம்பி தெரிந்துகொள்ளட்டும்.

மிஷனெரி சீகன்பால்கு ஐயரும் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியதும் என்ன செய்தார்? பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது அதற்குப் பிறகுதான்.

இந்த ஊர் தம்பியின் வயதுக்காரர்களுக்குப் புதியதல்ல. 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயதுப் பையன் வீட்டில் சொல்லாமல் இங்கே வந்து சேர்ந்தான். 1950-இல் மறையும்வரை இந்த மலையை விட்டுப் போகவில்லை. அவரைத்தான் உலகம் ரமண மகரிஷி என்கிறது. அவரைப் பார்க்க 1949-இல் பிரான்சு நாட்டுத் துறவி ஆன்ரி லெ சோ வந்தார், பிறகு இந்த மலைக் குகைகளில் தங்கி ஜெபித்தார். இந்து ஞானத்தைத் தேடி அந்தத் துறவி போன தூரமெல்லாம் போக என் விசுவாசம் இடம் தராது. ஆனாலும் கற்றுக்கொள்ள வந்த கிறிஸ்தவர் ஒருவர் இங்கே இருந்தார் என்பது எனக்கு ஆறுதல். கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள தம்பிக்கு இன்னொரு செய்தி: 1981-இல் ஆஸ்பார்ன் 1 என்ற கையில் தூக்கிச் செல்லும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்பார்ன், ரமணரிடம் வந்த ஆங்கிலேயர் ஒருவரின் பிள்ளை. இந்தத் தெருக்களில் தமிழ் பேசி வளர்ந்தவர். தம்பி இதெல்லாம் தெரிந்துகொண்டு, பெரிய கோபுரத்தின் பதினொரு நிலையையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கட்டும்.

நான் சொல்கிற வழி இதுதான். ஜூலையை விடு. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து இங்கே விடுமுறை, உங்களுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை. குழுவோடு ஓட்டலில் தங்காமல் நம் வீட்டுக்கு வாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருகிறார்கள், ஆங்கிலம் எழுதத் தெரியும், பேச வாய் வராது. தம்பிக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வாய் வராது. எங்கள் டியூஷன் டீச்சர் சொல்கிறபடி அவன் அவர்களோடு தினம் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அவர்கள் அவனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கட்டும். மற்ற நேரம் சபையில் படுக்கையில் கிடக்கிற முதியவர்களைப் பார்க்க என்னோடு வரட்டும். பேச வேண்டாம், தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் போதும். பலகாரத் தட்டுகளை நம் தெருவில் வீடு வீடாக அவனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். டேனிஷ் மிஷன் பள்ளியின் பக்கமும் ஒரு நாள் கூட்டிப் போகிறேன். கடல் தாண்டி வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து உண்டாக்கியது எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும்.

சாட்சி சொல்லச் சொல்லி அவனை மேடையில் ஏற்றாதே. அவன் விசுவாசம் அவனுடையது. திடப்படுத்தல் எடுத்த பிள்ளைக்கு நாம் வார்த்தை எழுதிக் கொடுக்கக் கூடாது. வந்த இடத்தில் அவனுக்கு ஒன்றும் தோன்றாமல் போனாலும், சோர்ந்துபோய் ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாலும் கோபப்படாதே. எனக்கு அதுவும் சம்மதம்.

இந்தக் கடிதத்தை அவனுக்கும் படித்துக் காட்டு. வர மனமில்லை என்றால் வற்புறுத்தாதே. மனமிருந்தால் உன்னிடம் எழுத்துக் கேட்டு, எனக்கு அவன் கையாலேயே நாலு வரி எழுதட்டும், தமிழில். எழுத்துப் பிழை இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அது வந்து சேர்ந்த பிறகு டிக்கெட் எடு.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் பெரியம்மா
திருவண்ணாமலை