ஓட்டையை விழுங்கும் பிளர்

கேள்வி: பனியன் துணியில் ஓட்டை, கறை கண்டுபிடிக்க ஓப்பன்சிவியில் நிரல் எழுதுகிறேன். காஸியன் பிளர் போட்டால் ஓட்டையே காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: கெர்னல் கட்டத்தைப் பெரிதாக வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்தோடு கலந்து சராசரியாக்குவதுதான் காஸியன். 21×21 கட்டத்துக்குள் 5 பிக்சல் ஓட்டை கரைந்துதான் போகும். படத்தில் இரண்டு பின்னல் கண்ணிகளுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று அளந்து, அதையொட்டிய ஒற்றைப்படை எண்ணைக் கொடுங்கள்.

பஞ்சுத் துகளை நீக்க மீடியன் பிளர் நல்லது, விளிம்பையும் காக்கும். ஆனால் கட்டத்தில் பாதிக்கும் குறைவான இடம் பிடிக்கும் ஓட்டையை அதுவும் அழித்துவிடும். மங்கலான எண்ணெய்க் கறைக்குப் பெரிய காஸியனே சரி. அதனால் ஓட்டைக்கும் கறைக்கும் மூலப் படத்திலிருந்து தனித்தனிப் பிரதி எடுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: துணிக்கு அடியிலிருந்து விளக்கு போட்டுப் படமெடுங்கள். ஓட்டை பளிச்சென்று தெரியும்; சின்ன பிளரே போதும்.