கிள்ளைக்குப் போகும் பெருமாள்

ஸ்ரீமுஷ்ணம்

அன்புள்ள கவின்,

ஆழிப்பேரலை நினைவு நாளில் பள்ளியில் பேச வேண்டும், நம் ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். வீராணம் ஏரிக்கு மேற்கே இருக்கிற ஸ்ரீமுஷ்ணத்தை அலை எட்டவில்லைதான். ஆனால் நம் பூவராகர் மாசி மகத் தீர்த்தவாரிக்குப் போவது கிள்ளைக் கடற்கரைக்கு. அங்கே தர்கா வாசலில் இஸ்லாமியர்கள் பட்டு சாத்தி வரவேற்பார்கள். பெருமாள் கழுத்து மாலை தர்காவுக்குப் போகும். அந்தக் கடல்தான் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் வந்தது.

காலை ஆறரை மணிக்கு சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலநடுக்கம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் நம் கரைக்கு எச்சரிக்கை வரவில்லை. இந்தியாவுக்கென்று ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள். நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேல். தேவனாம்பட்டினம், புதுக்குப்பம், கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு என்று பெயர் சொல்லிப் பேசு. வெறும் எண் யார் மனதிலும் நிற்காது.

முக்கியமாகப் பரங்கிப்பேட்டையைச் சொல். உயிர் தப்பி ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்கு அந்த ஊர் முஸ்லிம் ஜமாத் தங்க இடம் தந்து, சோறு போட்டது. துயரம் வந்ததும் எல்லாரும் திடீரென நல்லவர்களாகிவிட்டார்கள் என்று மேடையில் அளக்காதே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு ஆக்கிப் பழகிய ஊர் அது. பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சா எங்கே இருக்கிறது, அடுப்பு மூட்ட யாரைக் கூப்பிடுவது, எந்தக் கடையில் அரிசி மூட்டை கடனுக்குக் கிடைக்கும் என்பதெல்லாம் ஜமாத்துக்குத் தெரியும். நல்ல மனம் பல ஊர்களில் உண்டு. பசித்தவன் இலைக்கு அன்றைக்கே சோறு வர இந்த ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காதே. நிவாரண வரிசையில் பல இடங்களில் தலித், இருளர் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டன. அதை விட்டுவிட்டு ஒற்றுமை பேசினால் பாதிப் பொய்.

விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போய் பஸ் மாறினால் பரங்கிப்பேட்டை. அன்று கரண்டி பிடித்தவர்களைத் தேடிப் பிடி. என்ன ஆக்கினார்கள், எத்தனை நாள் ஆக்கினார்கள், யார் பரிமாறினார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த ஞாயிறே போய்விட்டு வா.

அன்புடன்,
உன் பெரியப்பா