தோட்டத்து வீட்டுக்கு இணைய இணைப்பு: விளம்பரத்தை நம்புவதா, கணக்குப் பார்ப்பதா?

2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது பாடம் கைத்தொலைபேசிக்குள் போனது. சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய நம் நாட்டுப் பிள்ளைகளின் படங்கள் அன்று உலகச் செய்தியாயின. பாடசாலைகள் திறந்துவிட்டன, ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. ரியூசன் ஆசிரியர் சூமில் நடத்துகிறார். கடந்தகால வினாத்தாள் இணையத்தில் இருக்கிறது. கொழும்பில் கடை வேலைக்குப் போன தகப்பன் இரவில் வீடியோவில் பிள்ளைகளோடு பேசுகிறார். ஆகவே வீட்டுக்கு இணைப்பு எடுப்பது லயத்துக் குடும்பத்தின் செலவுக் கணக்கிலும் ஏறிவிட்டது. எதை எடுப்பது என்பதைத்தான் இன்னும் தலவாக்கலை பஸாரில் தொங்கும் விளம்பரப் பதாகை தீர்மானிக்கிறது. இப்பாடத்தில் அதை நாமே தீர்மானிக்கப் பழகுவோம்.

நம் முன் உள்ள வழிகள் மூன்று. கம்பி அல்லது ஃபைபர் இழை வழியாக வீட்டுக்கு வருவது ஒன்று. கோபுரத்திலிருந்து வரும் 4ஜி அலையை ரௌட்டரில் வாங்குவது மற்றொன்று. டயலொக், எஸ்எல்ரி-மொபிட்டெல், ஹட்ச் ஆகியவை இன்று களத்தில் உள்ளன (எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது). மூன்றாவது, 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை. வந்தபோது இதன் உபகரணமே லட்ச ரூபாயைத் தாண்டியது. மாதக் கட்டணமும் அப்போது பத்தாயிரத்துக்கு மேல் இருந்தது. தனி வீட்டுக்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது நம் கருத்து. கோபுரம் எட்டாத தோட்டத்துப் பாடசாலைக்கோ பொது மண்டபத்துக்கோ பலர் சேர்ந்து எடுப்பது வேறு விடயம்.

பேர் கணக்கில் விலை

விலையை ரூபாயில் பார்த்தால் சிறிதாகத் தெரியும். பேர் கணக்கில் பார்ப்போம். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அறிவித்த நாட்சம்பளம் 1,550 ரூபாய். வேலைக்கு வருவதற்காக அரசு தரும் 200 ரூபாய் வேறு. கணக்குக்காக, ஒரு திட்டத்தின் மாதக் கட்டணம் 2,000 ரூபாய் என்று கொள்வோம். பதாகையின் அடியில் சிறிய எழுத்தில் "வரி நீங்கலாக" என்று இருந்தால், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியை மட்டும் கூட்டினாலே 2,360 ஆகும். அதாவது மாதம் ஒன்றரைப் பேர். வருடத்துக்கு 28,320. ரௌட்டருக்கு 9,000 என்றால் முதல் வருடம் 37,320 ரூபாய்: 24 பேர். ஒரு தாய் ஏறக்குறைய ஒரு மாதம் முழுவதும் கொழுந்து பறித்து இதற்குக் கொடுக்கிறாள். பிடித்தங்கள் போகக் கைக்கு வருவதைக் கணக்கிட்டால் இன்னும் கூடும். ஆகவே, முதல் மூன்று மாதச் சலுகை விலையைக் கேட்டுவிட்டுக் கையொப்பமிட வேண்டாம். நான்காம் மாதம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். விளங்காத தாளில் வைக்கும் கையொப்பத்துக்கும் கைநாட்டுக்கும் வேறுபாடில்லை.

எவ்வளவு டேட்டா தேவை? ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி செலவாகும். சாதாரண சூம் வகுப்பை இந்த அளவில் வைக்கலாம். உயர்தரம் படிக்கும் மகள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள் படித்தால் 22 அல்லது 23 ஜிபி. அவளது தம்பி துல்லியமான படத்தில், ஐந்து எம்பிபிஎஸ் வேகத்தில், தினம் ஒரு மணி நேரம் கிரிக்கெட் பார்த்தால் 67 ஜிபி போய்விடும். மாதம் முடியுமுன் டேட்டா தீர்வதற்குப் படிப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரிய திட்டத்துக்கு மாறுமுன் படத்தின் தெளிவை 480க்குக் குறைத்துப் பாருங்கள். தம்பி கொஞ்சம் முணுமுணுப்பான், அவ்வளவுதான்.

"100 ஜிபி" என்ற பெரிய எழுத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில திட்டங்களில் அதில் பெரும்பகுதி நள்ளிரவு முதல் காலை வரைக்கு மட்டுமே உரியது. மாலை ஏழு மணி வகுப்புக்கு அது உதவாது. ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழுந்து படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அதுவே நல்ல திட்டமாகலாம். "அளவில்லா" என்ற சொல்லிலும் ஓர் எல்லை ஒளிந்திருப்பதுண்டு. குறித்த அளவைத் தாண்டியதும் வேகம் நடையாகிவிடும். "100 எம்பிபிஎஸ் வரை" என்பதில் "வரை" என்ற சொல்லின் கீழே கோடிட்டுக்கொள்ளுங்கள்.

மலையும் தகரமும்

கிரேட் வெஸ்டர்ன் மலையடியிலும் கொத்மலை ஓயாப் பள்ளத்திலும் இருக்கிற லயங்களில், தொங்கல் வீட்டில் சிக்னல் இருக்கும், நடுக் காம்பிராவில் இராது. பனிமூட்டத்தைப் பலர் குறை கூறுகிறார்கள். 4ஜி அலைக்குப் பனி பெரிய தடை அல்ல. மலை முகடும், நனைந்த மரக்கூட்டமும், தகரக் கூரையுமே தடை. தாழ்ந்த அலைவரிசை முகட்டைக் கொஞ்சம் வளைந்து வரும். உயர்ந்தது அவ்வளவு வராது. வீட்டு ரௌட்டருக்கு ஒதுக்கிய அலைவரிசை கைத்தொலைபேசியின் அலைவரிசையிலிருந்து வேறாக இருக்கலாம். அதனால்தான் ஃபோன் பேசும் வீட்டிலும் ரௌட்டர் சும்மா கிடக்கிறது.

எனவே பணம் கட்டுமுன், அயலவரிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம்மை வாங்கி, பிள்ளை படிக்கும் அதே மூலையில், மாலை ஏழு முதல் ஒன்பது வரை, மூன்று நாள் சோதியுங்கள். ஒரு நாளாவது மழை நாளாக இருக்கட்டும். பிறகு அந்த நிறுவனத்தின் ரௌட்டரை எடுத்து, கோபுரம் உள்ள திசையின் ஜன்னலருகே உயரத்தில் வையுங்கள். வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் கிடைக்கும் இடத்தில் அதுவே உறுதியானது. ஆனால் றோட்டோரம் வரை வந்த இழை லயம் வரை இறங்குமா, கூடுதல் தூரத்துக்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். முகவரிச் சான்றும் கேட்பார்கள். லயத்தில் வீட்டுக்கொரு முகவரி இல்லாத பழைய குறை இங்கேயும் குறுக்கிடுகிறது. கிராம உத்தியோகத்தரின் கடிதம் போதுமா என்பதை விசாரியுங்கள். இணைப்பை வீட்டிலிருப்பவர் பெயரில் எடுப்பது நல்லது. கொழும்பிலிருக்கும் கணவன் பெயரில் எடுத்தால், பழுது என்று மனைவி போய் நின்றாலும் பெயருக்குரியவரை அழைத்துவரச் சொல்லக்கூடும்.

கரண்ட் போனால் ரௌட்டரும் போகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மின்சாரமும் தொடர்பும் ஒன்றாக அற்றுப்போனதை மலையகம் கண்டது. எந்தத் திட்டம் எடுத்தாலும் வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இடி இடிக்கும் மாதங்களில் ரௌட்டரின் மின் செருகியைக் கழற்றிவிடுங்கள். செப்புக் கம்பி இணைப்பாயின் தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும்.

பழுது திருத்தப்படாவிட்டால் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையேல், கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையிலுள்ள இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

குழுவுக்கு: அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் வீட்டின் கடைசி மூன்று பில்களை எடுத்து வாருங்கள். விளம்பர விலை ஒரு பக்கமும் கட்டிய தொகை மறு பக்கமும் எழுதி, வித்தியாசம் எத்தனை பேர் என்று கணக்கிடுவோம். ஒரே லயத்தில் இரு வீடுகள் ஓர் இணைப்பைப் பகிர நிறுவனத்தின் நிபந்தனை இடம் தருகிறதா, ஒரு வீடு கட்டாவிட்டால் கடன் யார் தலையில் விழும் என்பதையும் அன்றே பேசுவோம்.