பாயும் சேவல்

பெங்களூருவில் சின்ன வீடுகளிலும் கோழி வளர்க்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். நான்கு பெட்டை, ஒரு சேவல். முட்டையும் கிடைக்கும். அவசரத்துக்குப் பணமும் கிடைக்கும்.

ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டில் வளர்க்க ஏற்ற கிரிராஜா கோழியை அங்கே உருவாக்கினார்கள். 2005-இல் சுவர்ணதாரா கோழி வந்தது. சுவர்ணதாரா சேவல் 3, 4 கிலோ வரை வளரும்.

அந்த எடையில் சேவல் பாய்ந்தால் என்ன ஆகும்? பெரியவருக்குக் காலில் காயம். தவழும் குழந்தைக்கு முகத்தில் காயம். கண்ணே போகலாம்.

ஏன் பாய்கிறது?

குஞ்சாக இருக்கும்போது சேவல் சாது. ஐந்தாறு மாதத்தில் பருவத்துக்கு வரும். அப்போது பெட்டைகளைக் காவல் காக்கும். பக்கத்தில் வருபவரைப் போட்டிச் சேவல் என்று நினைக்கும்.

பாயும் முன்பு அடையாளம் காட்டும். கழுத்து இறகு சிலிர்க்கும். தலை தாழும். ஒரு இறக்கையைத் தொங்கவிட்டுச் சுற்றிவரும்.

என்ன செய்யலாம்?

1. ஓடக் கூடாது. ஓடினால் மறுபடியும் துரத்தும்.

2. அடிக்கக் கூடாது. உதைக்கக் கூடாது. அதைச் சண்டை என்றே சேவல் எடுத்துக்கொள்ளும்.

3. தீனி போடப் போகும்போது கையில் முறம் இருக்கட்டும். சேவல் பாய்ந்தால் முறத்தைக் குறுக்கே பிடித்து அசையாமல் நிற்க வேண்டும்.

4. இருட்டிய பிறகு பிடிப்பது எளிது. இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

5. குழந்தை விளையாடும் நேரத்தில் சேவலைக் கூடையால் கவிழ்த்து மூட வேண்டும்.

6. கால் முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கலாம். அடிவரை வெட்டக் கூடாது. உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டு.

காயம் பட்டால்

சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். காப்பித்தூள், சாம்பல் வைக்கக் கூடாது. மண்ணிலும் சாணத்திலும் தனுர்வாதக் கிருமி இருக்கும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ஊசி பற்றிக் கேட்க வேண்டும். கண்ணில் பட்டால் உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெங்களூருவில் மின்டோ அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

சேவல் அவசியமா?

பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். முட்டை மட்டும் போதும் என்பவர் அடங்காத சேவலை விற்றுவிடலாம். ஆனால் சண்டைக்கு விற்கக் கூடாது. சேவலைச் சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

பயிற்சி

அ. படித்து எழுதுங்கள்: சேவல், பெட்டை, முறம், இறக்கை, காயம்.

ஆ. விடை எழுதுங்கள்:
சேவல் பாயும் முன்பு என்ன அடையாளம் காட்டும்?
காயத்தை முதலில் என்ன செய்ய வேண்டும்?

இ. கணக்கு: 8 பெட்டைக்கு ஒரு சேவல் என்றால், 24 பெட்டைக்கு எத்தனை சேவல்?

ஈ. பேசுங்கள்: உங்கள் தெருவில் கோழி வளர்க்கும் வீட்டில் சிறு குழந்தை உண்டா? அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?