கிடங்குக் கூரைக்கு எந்தத் தகடு?

கடைப் பெயர்ப் பலகைக்குப் போடும் ஏ.சி.பி. ஷீட்டையே கிடங்குக் கூரைக்கும் போடலாமா என்று அங்கத்தினர் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே நமது கருத்து. மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த அலுமினியம். நடுவில் பெரும்பாலும் பாலித்தீன். அது எரியும். 2017 ஜூன் 14-ல் லண்டன் கிரென்ஃபெல் மாடிக் கட்டடத்தில் தீயை மளமளவென்று பரப்பியது சுவரில் போர்த்தியிருந்த இவ்வகைப் பலகைதான்; 72 பேர் மாண்டனர். எண்ணெய் டின்னும் சாக்கும் அடுக்கிய இடத்துக்கு மேலே இது எதற்கு?

கூரைக்கென்றே வரும் நெளித் தகடு வாங்குங்கள். 55 சதவீத அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்து பூசிய இரும்புத் தகடு விலை குறைவு. ஆனால் கடலை ஒட்டியவர்களுக்கு அலுமினியமே நல்லது. வெள்ளை நிறமானால் சூடு குறையும்.

தகட்டைவிடத் திருகாணியில்தான் நாம் ஏமாந்தோம். அலுமினியத் தகட்டில் சாதா இரும்புத் திருகாணி போட்டிருந்தோம். உப்பு ஈரத்தில் அதைச் சுற்றி அலுமினியம் அரித்து, துளைகள் அகன்றுவிட்டன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது தாழ்வார ஓரத்து வரிசைதான் முதலில் பறந்தது. அங்கே காற்றின் இழுப்பு அதிகம். அடியிலிருந்த சர்க்கரை மூட்டைகள் பாகாகிவிட்டன. இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி, ரப்பர் வாஷர். ஓரங்களில் நெருக்கமாக அடித்திருக்கிறோம். இரும்புச் சட்டத்தில் அலுமினியம் நேரே படாதபடி இடையில் ரப்பர் பட்டையும் உண்டு.

வாங்கும்போது கேஜ் என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள் (நாமும் எடை போட்டு விற்பவர்கள்தானே!). பூச்சு நீங்கலான கனத்தை மில்லிமீட்டரில் பில்லில் எழுதி வாங்குங்கள்.