வேலை தேடுவோரும் கைப்பேசி மோசடிகளும்

நமது சங்க உறுப்பினர்களின் இல்லங்களில் பட்டம் பெற்ற பிள்ளைகள் இல்லாத வீடு இன்று அரிது. அப்பிள்ளைகள் தறியையும் கழனியையும் விட்டு வெளி உத்தியோகம் நாடுவதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயின் உத்தியோகம் தேடும் இடம் மாறிவிட்டது. முன்னாளில் நாளிதழ் விளம்பரமும் வேலைவாய்ப்பு அலுவலகமும் ஆற்றிய பணியைப் பெரும்பாலும் இன்று கைப்பேசியே ஆற்றுகின்றது. அதனூடே வஞ்சகரும் நுழைந்திருக்கின்றனர். சங்கக் கணக்குகளை ஆய்வு செய்யும் நமக்கு இவ்விஷயம் நகைக்கடன் ஏட்டின் வாயிலாகவே முதலில் புலப்பட்டது. பயிருக்கெனப் பெற்ற கடன், மகனது உத்தியோகத்திற்கு ‘முன்வைப்புத் தொகை’யாகப் போய் மறைந்ததென உறுப்பினர் சிலர் நம்மிடம் கூறியுள்ளனர். எனவே இப்பாடம் பிள்ளைகளுக்கு மட்டுமன்று; கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் பெற்றோருக்கும் உரியது.

முதலில் எளிய மோசடியைக் காண்போம். பெயர்பெற்ற நிறுவனமொன்றின் சின்னம் பொறித்த நியமனக் கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். நேர்முகத் தேர்வு இராது. இருப்பினும் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சோடு முடியும். பின்னர்ப் பதிவுக் கட்டணம் 350 ரூபாய், சீருடைக்கு 2,000 ரூபாய், மடிக்கணினிக்குப் பிணைத்தொகை என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பர். தறி அறிந்தோர்க்கு இதன் பொய்ம்மையை விளக்க வேண்டுவதில்லை. பாவும் ஊடும் சங்கம் தருகின்றது. நெய்தபின் கூலியும் தருகின்றது. நெசவாளர் பணம் கட்டி வேலை பெறுவதில்லை. பங்குத்தொகை செலுத்துகிறோமே எனில், அது வேலைக்கு விலையன்று. பற்றுச்சீட்டு உடைய, உறுப்பினர் பெயரிலேயே நிற்கின்ற முதல். உழைப்பை வாங்குபவன் உழைப்பவனிடமே காசு கேட்பானாயின், அவன் வாங்க வந்தது உழைப்பையன்று.

இதனினும் நுட்பமானது ‘வீட்டிலிருந்தே பகுதிநேரப் பணி’ எனும் மோசடி. இதனைச் சற்று விரித்துரைத்தல் அவசியம். ஏனெனில் படித்தவரே இதில் மிகுதியும் சிக்குகின்றனர். நெசவாளர் ஒருவரின் மகள், வணிகவியல் பட்டதாரி. காணொளிகளுக்கு விருப்பக் குறியிடுதலே வேலை, ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய் எனச் செய்தி வந்தது. முதல் நாள் 150 ரூபாய் மெய்யாகவே கணக்கில் வரவாயிற்று. அதுவே தூண்டில் இரை. பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்தனர். அங்கே பலர் தாம் பெற்ற இலாபத்தைப் படம் பிடித்து இட்டுக்கொண்டிருந்தனர். இத்தகைய குழுக்களில் அவ்வாறு பேசுவோர் பெரும்பாலும் மோசடிக் கூட்டத்தாரே. 1,000 ரூபாய் கட்டினால் 1,300 என்றனர், தந்தனர். 5,000 கட்டினால் 6,500 என்றனர். திரையில் காட்டினர், தரவில்லை. அதைப் பெற 28,000 கட்ட வேண்டுமென்றனர். கட்டியபின், ‘பணியில் பிழை செய்தீர், கணக்கு உறைந்துவிட்டது, 60,000 செலுத்தினால் திறக்கும்’ என்றனர். தந்தையார் தம் சிக்கன சேமிப்பிலிருந்து முன்பணம் கேட்டுச் சங்கத்திற்கு வந்தபோது மேலாளர் காரணம் வினவினார். அதனால் அந்த 60,000 தப்பிற்று; முன்னர்ப் போனது போனதே.

அப்பெண்ணை அறிவிலி என்று எண்ணுவது தவறு. திரையில் அவள் பெயருக்கு நேரே ஒன்றரை இலட்சம் இருப்பு எனக் காட்டியது. அதைக் கைவிட எவருக்கு மனம் வரும்? தணிக்கைக்குச் செல்லும்போது பேரேட்டில் எழுதிய இருப்பை நாம் அப்படியே ஏற்பதில்லை. பெட்டியைத் திறந்து கைரொக்கத்தை எண்ணுகிறோம். வஞ்சகர் எழுதிய திரையிலுள்ள எண், எண்ணிப் பார்க்க இயலாத ரொக்கம். தம் பணத்தை எடுக்க மேலும் பணம் கட்டச் சொன்ன மாத்திரத்தில் அங்கே பணமில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

மற்றொரு வகையில் பணம் இழப்பதில்லை, கணக்கே பறிபோகின்றது. ‘உங்கள் வங்கிக் கணக்கில் வரும் தொகையை நாங்கள் சொல்லும் இடத்திற்கு அனுப்புங்கள், நூற்றுக்கு இரண்டு தருகிறோம்’ என்பதும் வேலை என்ற பெயரிலேயே வருகின்றது. வரும் தொகையோ வேறொருவரை ஏமாற்றிப் பெற்றது. காவல்துறை கணக்கை முடக்கும்போது, அதே கணக்கில் வரவேண்டிய நெசவுக் கூலியும் நெல் விற்ற பணமும் உடன் முடங்கும். வழக்கும் அவர்மீதே வரும்.

அரசு உத்தியோகம் பற்றி ஒன்று. நமது கூட்டுறவுச் சங்கங்களின் உதவியாளர் பணியிடங்கள் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் வழியாக, எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்தி நிரப்பப்படுகின்றன. விண்ணப்பக் கட்டணம் தேர்வுக்குரியது, பதவிக்குரியதன்று. அந்நிலையங்களின் தளம் போலவே போலித் தளம் அமைத்தல் எளிது. ஆகவே முகவரியை நாளிதழ் அறிவிப்போடு ஒப்பிட்டோ, மண்டல இணைப்பதிவாளர் அலுவலகத்தில் வினவியோ தெளிந்தபின் கட்டணம் செலுத்துக. ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று வரும் தரகரைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

அயல்நாட்டு வேலையில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக வலைத்தளங்களில் ஆசை காட்டி, சுற்றுலா விசாவில் அழைத்துச் சென்று, எல்லை கடத்தி மியான்மரின் மியாவதிப் பகுதியில் அடைத்து, பிறரை ஏமாற்றும் தொழிலையே செய்யவைத்த கொடுமை 2022இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மீண்டு சென்னை வந்தோருள் தமிழர் பதின்மூவர். 2025 மார்ச்சில் 549 இந்தியர் விமானப்படை விமானங்களில் மீட்கப்பட்டனர். சுற்றுலா விசாவில் வேலை செய்ய எந்நாடும் இயல்பாக அனுமதிப்பதில்லை என்பதொன்றே இங்குப் போதிய எச்சரிக்கை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் ஆள்சேர்ப்பு முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டுமென்கிறது. சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மிகாதிருக்க விதி உண்டு. பதிவு பெற்றோர் பட்டியலை நடுவணரசின் இ-மைகிரேட் தளத்தில் காணலாம். 1978இல் தமிழ்நாடு அரசு நிறுவிய அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் சென்னையில் உண்டு.

பணம் போய்விட்டதாயின் நாணத்தால் மறைத்தல் வேண்டா. உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்க. வஞ்சகர் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றுமுன் நிறுத்த முடிந்தால் மீளும் வாய்ப்புண்டு. ஒரு மணி நேரமும் ஓரிரவும் இங்கே ஒன்றல்ல. பணப் பரிமாற்ற எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுக. வங்கிக்கும் தெரிவித்து, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் முறைப்படி பதிவு செய்து, புகாரின் எண்ணைக் குறித்துக்கொள்க. உரையாடல்களை அழித்துவிடாதீர், அவையே சாட்சியம். எழுதத் தயங்கும் உறுப்பினர்கள் தம் சங்க அலுவலகத்தை அணுகினால், வேலை நாள்களில் அங்குள்ள கணினியிலேயே புகார் பதிவு செய்ய ஊழியர் உதவலாகும்.